காம்னோ

என் பேர்த்திக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பண்டைக் கிரேக்கமும் இன்றைய கிரேக்கமும் சேர்ந்த படிப்பு. நான்கு வருடம்; அதில் ஒரு வருடம் ஏதென்சிலோ தெசலோனிக்கியிலோ இருந்து படிக்க வேண்டும். செய்தி வந்த அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு மருமகன் என்னைப் பார்த்து, "மாமி, நீங்களும் இதைத்தானே படிச்சனீங்கள். இதைப் படிச்சு என்ன செய்யலாம் எண்டு நீங்களே சொல்லுங்கோவன்" என்றார். அவர் கேட்டதில் ஏளனம் இல்லை. பிள்ளையைப் பற்றிய பயம் மட்டுமே இருந்தது. அந்தப் பயத்தை நான் அறிவேன். 1965இல் என் ஐயாவின் முகத்திலும் அதையே பார்த்தேன்.

அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு வாய் சோற்றுக்கும் மறு வாய்க்கும் இடையில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இலத்தீன் படித்தவள் நான். பேராதனைக்குப் போனபோது அங்கே மேலைச் செவ்வியல் மொழிகளுக்கு ஒரு துறை இருந்தது. கிரேக்கம் எடுத்தேன். வகுப்பில் நாங்கள் நான்கு பேர். யன்னலுக்கு வெளியே ஹந்தானை மலையில் மேகம் இறங்கும். உள்ளே நாங்கள் 24 எழுத்துகளையும் சிலேட்டுப் பிள்ளைகளைப்போல எழுதிப் பழகினோம். முதல் வினைச்சொல் 'லூஓ', அவிழ்க்கிறேன் என்று பொருள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் மனனம் செய்ய வேண்டும். அவிழ்த்தேன், அவிழ்த்துக்கொண்டிருந்தேன், அவிழ்த்திருக்கிறேன், அவிழ்த்திருந்தேன் எல்லாவற்றுக்கும் தனித்தனி வடிவம். ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று ஒன்று, இரண்டு கண்ணுக்கும் இரண்டு குதிரைக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய இலக்கண நூல்கள் மிகக் கடினம் என்று பக்கம் பக்கமாக எச்சரித்த சில இடங்கள் எனக்குக் கடினமாக இருக்கவில்லை. செய்வினையும் அல்லாமல் செயப்பாட்டுவினையும் அல்லாமல் நடுவே ஒரு வினைவடிவம் கிரேக்கத்தில் உண்டு; செய்பவர் தனக்காகச் செய்வதைக் காட்டுவது. 'கழுவினேன்' என்பதற்கும் 'கழுவிக்கொண்டேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதில் என்ன மருட்சி? கிரேக்க வசனம் முழுவதும் 'மென்', 'தெ', 'கெ' என்று சின்னஞ்சிறு சொற்கள் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பற்றி மட்டும் டெனிஸ்டன் என்ற அறிஞர் 1934இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். 'கெ' வருகிற இடத்தில் நான் மனதுக்குள் ஒரு 'தான்' அல்லது ஏகாரம் போட்டுப் பார்ப்பேன். அநேகமாகச் சரியாக வரும். இடைச்சொல்லுக்கென்று தனி இயலே வகுத்த தொல்காப்பியம் எங்களிடம் இருக்கிறதே. ஹோமரின் யாப்பும் அப்படித்தான். அடிக்கு ஆறு சீர். நெடில் ஒன்று, பின்னே இரண்டு குறில் அல்லது இன்னொரு நெடில். குறிலும் நெடிலும் காதில் பதிந்தே பிறந்தவர்கள் நாங்கள். வாய்விட்டுப் படித்தால் அடி தானாக நடந்தது.

இலியட் 15,693 அடி. அதில் நாங்கள் படித்தது சில காண்டங்கள்தான். அதற்குள்ளேயே எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. பழைய மொழிக்காரி நான், இன்னொரு பழைய மொழியையும் எட்டிப் பிடித்துவிட்டேன் என்ற கர்வம். கிரேக்கத்தை இன்றும் மனிதர்கள் பேசுகிறார்கள் என்பது தெரியும். ஆனால் அந்தப் பேச்சின் ஒரு வரியைக்கூடக் கேட்டதில்லை. கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மாளிகை இடிந்துபோனது, இப்போது பேசுவதெல்லாம் அதன் கல்லும் மண்ணும் என்று. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டது.

1983க்குப் பிறகு இலண்டனுக்கு வந்தோம். என் கிரேக்க அகராதி யாழ்ப்பாணத்து வீட்டோடு போய்விட்டது. வடக்கு இலண்டனில் கிரீன் லேன்ஸ் தெருவை ஒட்டி அந்நாளில் சைப்பிரஸ்காரரின் தையற் தொழிற்சாலைகள் நிறைய இருந்தன. அப்படி ஒன்றில் தெறி தைக்கும் மெஷினில் எனக்கு வேலை கிடைத்தது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. முதலாளியின் மாமியார் கதவடியில் ஒரு கதிரையில் இருந்து, தைத்து வந்த சட்டைகளின் தொங்குநூலை வெட்டுவார். எல்லோரும் அவரை 'யாயா' என்பார்கள். பாட்டி என்று அர்த்தம். கறுப்பு உடுப்பு, கறுப்புத் துணி கட்டிய தலை. எழுதப் படிக்கத் தெரியாதவர்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் உடுப்புக் கட்டைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தபோது நிமிர்ந்து பார்த்து, "இந்தா பு காம்னிஸ்?" என்று கேட்டார். 'இந்தா' என்ற சொல் காதில் விழுந்ததும் ஏதோ தருகிறார் என்று என் கை தானாக நீண்டது. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே கேட்டார். அப்போதுதான் அந்தக் கடைசிச் சொல் எனக்குள் போய் இறங்கியது.

காம்னோ. எனக்குத் தெரிந்த சொல். ஹோமரில் உழைக்கிறேன், உழைத்துக் களைக்கிறேன் என்று பொருள். போரில் கை ஓய்ந்தவனுக்கு வரும், இரும்படித்துக் களைத்தவனுக்கு வரும். பாதாளத்தில் உலவும் இறந்தவர்களைக்கூட ஹோமர் அந்த வினையிலிருந்து பிறந்த பெயரால்தான் அழைப்பார்: 'காமோந்தெஸ்', உழைத்து ஓய்ந்தவர்கள். ஏதென்சில் இன்று அந்தச் சொல் தேய்ந்து 'கானோ' ஆகிவிட்டது. வெறுமனே செய்கிறேன் என்று பொருள். சைப்பிரஸ் வழக்கில் 'ம்' இன்னும் உதிரவில்லை. கிழவி என்னிடம் கேட்டது 'எப்படி இருக்கிறாய்' என்ற சாதாரண நலம் விசாரிப்புத்தான். எனக்கோ, என்ன பிள்ளை, எதிலே களைத்துப்போய் நிற்கிறாய் என்று கேட்டது. நாங்கள் ஊரில் 'என்ன பாடு?' என்று கேட்போமே, அதுபோல. பாடு என்றால் உழைப்பும்தான், துன்பமும்தான்.

அந்தக் கணத்தில் எனக்குப் பெரிய ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய கர்வம் இலேசில் போகாது. நான் பேராதனையில் படித்த உச்சரிப்பில், படித்த இலக்கணத்தோடு, அவருக்குப் பதில் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தண்ணீரை 'நெரோன்' என்றபோது, அது 'ஹுதோர்' அல்லவா என்று திருத்தினேன். மீனை 'ப்ஸாரின்' என்றபோது 'இக்தூஸ்' என்றேன். தன் தாய்மொழியை அறுபது எழுபது வருடம் பேசிய ஒருவரை, புத்தகத்தில் நான்கு வருடம் படித்தவள் திருத்தினேன். அவர் கோபிக்கவில்லை. நூலை வெட்டிக்கொண்டே, "உன் சொல் கோயில் சொல் மாதிரி இருக்கிறது, பிள்ளை" என்று மகளைக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்வித்தார். நாற்பது வருடம் ஆகிறது. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

'நெரோ' கெட்டுப்போன சொல் அல்ல. 'நெயாரோன் ஹுதோர்', புதிதாக மொண்ட தண்ணீர் என்பதில் அடைமொழி நின்று, தண்ணீர் உதிர்ந்துவிட்டது. 'ப்ஸாரி', 'ஓப்ஸாரியோன்' என்ற பழைய சொல். ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் கறி என்பது முதற்பொருள். கடலோர மக்களுக்குக் கறி என்றாலே மீன். வைனை இன்று 'க்ராஸி' என்கிறார்கள். கலத்தல் என்பதிலிருந்து வந்தது, ஏனென்றால் பண்டைக் கிரேக்கர் தண்ணீர் கலக்காமல் வைன் குடிப்பதை நாகரிகமாக நினைக்கவில்லை. குதிரை 'ஆலொகோ' ஆகிவிட்டது, பகுத்தறிவும் பேச்சும் இல்லாதது. படையில் ஆளையும் விலங்கையும் பிரித்துச் சொல்லப் பிறந்த வழக்கு என்பார்கள். வீட்டுக்கு வழங்கும் 'ஸ்பீதி' கிரேக்கமே அல்ல, விருந்தினர் தங்கும் இடத்தைக் குறித்த இலத்தீன் சொல். பாண் என்றும் கதிரை என்றும் போர்த்துக்கீசச் சொற்களைக் கூச்சமில்லாமல் வாயில் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவள் நான், 'ஸ்பீதி'யைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு என்ன உரிமை?

இன்னும் மூன்று சொற்களை அந்தத் தொழிற்சாலையில்தான் கற்றேன். அவற்றை எந்த வகுப்பிலும் அப்படிக் கற்றிருக்க முடியாது. பண்டைக் கிரேக்கத்தில் 'தூலேயா' என்றால் அடிமைத்தனம். இன்று அழுத்தம் கடைசிக்கு நகர்ந்து 'துலியா' என்றால் வேலை, நாளாந்தம் போய்ச் செய்கிற வேலை. பண்டை 'போனோஸ்' உழைப்பு. இன்றைய 'போனோஸ்' வலி. 'காம்னோ' களைப்பு, இன்று செய்தல். உழைப்பு என்ற ஒன்றைச் சுற்றி இந்த மூன்றும் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் இடம் மாறி மாறி உட்கார்ந்திருக்கின்றன. தெறி மெஷினின் மிதியில் காலை வைத்துக்கொண்டு, முதுகு வலிக்க, இதை யோசித்தபோதுதான் ஒரு மொழியின் வயது என்பது என்ன என்று எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. அது ஏட்டில் கிடக்கும் ஆண்டுக் கணக்கு அல்ல. எத்தனை தலைமுறை ஆட்கள் களைத்துப்போய் அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பது.

யாயாவின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். ஏதென்சில் 'தாலஸா' என்று ஒற்றை ஸகரத்தோடு சொல்லும் கடலை அவர் இரண்டையும் அழுத்தி 'தாலஸ்ஸா' என்பார். எழுத்தில் இரண்டு ஸகரம் இன்றும் உண்டு. வாயில் வைத்திருப்பவர்கள் சைப்பிரஸ் மக்களும் வேறு சில தீவாரும்தான். மெய் இரட்டிப்பது எங்களுக்குப் பழக்கமானது என்பதால் என் நாவில் அது உடனே நின்றது. 'உம்' என்று பொருள்படும் 'காய்' என்ற சொல்லைப் பேராதனையில் பல்லாயிரம் தடவை எழுதியிருப்பேன்; அவர் வாயில் அது 'ஜே'. அவர் மொர்ஃபுப் பக்கத்தவர், தோடம்பழத் தோட்டக்காரர். 1974இல் துருக்கிப் படை வந்தபோது தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, வாய்க்காலை அடைக்காமல் ஓடி வந்தவர். பத்து வருடம் கழித்தும் அந்த வாய்க்காலைப் பற்றியே கவலைப்படுவார். கிணற்றடியில் தண்ணீர் மாறிய கைகள் எங்களுக்கும் உண்டு. அந்தக் கவலையை எனக்கு யாரும் மொழிபெயர்த்துத் தர வேண்டியிருக்கவில்லை.

1988இல், நாற்பத்திரண்டு வயதில், இன்றைய கிரேக்கம் படிக்கப் பகுதிநேர மாணவியாக மறுபடியும் பல்கலைக்கழகம் போனேன். பகலில் தெறி, பின்னேரத்தில் வகுப்பு. கூட இருந்தவர்களெல்லாம் பிள்ளைகள். அவர்கள் கோடை விடுமுறைக்குத் தீவுகளுக்குப் போய்ப் பேசிப் பழகியவர்கள். நான் வாயைத் திறந்தால் ஒரு கால் ஹோமரில், ஒரு கால் மொர்ஃபுவில். ஆசிரியர் என்னைச் சிரிக்காமல் திருத்தினார். அதற்கு நான் இன்றும் நன்றியுள்ளவள்.

அந்த வகுப்பில் படித்த வரலாறு தமிழருக்கு ஒரு கண்ணாடி. சுமிர்னாவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த அதாமாந்தியோஸ் கொராயிஸ், மக்கள் பேச்சில் ஏறியிருந்த துருக்கி, இத்தாலியச் சொற்களைக் களைந்து பண்டை மொழியின் பக்கம் பாதி தூரம் நடத்திச் செல்ல வேண்டும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான், விடுதலை பெறப்போகும் ஒரு மக்களுக்குத் தலை நிமிரும் மொழி வேண்டும் என்ற ஆசை. அதிலிருந்து வளர்ந்தது 'கதாரெவூசா', தூய்மைப்படுத்திய மொழி. சட்டமும் பத்திரிகையும் பள்ளிக்கூடமும் அதில். வீடும் பாட்டும் 'தீமொதிகி'யில், மக்கள் மொழியில். நூறு வருடத்துக்கு மேல் இது நீடித்தது. 1901 நவம்பரில், லிவர்ப்பூலில் வணிகம் செய்துவந்த அலெக்ஸாந்த்ரோஸ் பாலிஸ் மக்கள் மொழியில் பெயர்த்த நற்செய்தி ஏதென்ஸ் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்ததற்காகக் கலகம் மூண்டது. எட்டுப் பேர் செத்தார்கள், அரசாங்கம் விழுந்தது. நற்செய்திகள் முதன்முதலில் எழுதப்பட்டதே அந்தக் காலத்துச் சாதாரண சனங்களின் கிரேக்கத்தில்தான் என்பதை நினைத்தால் மனம் தாங்குவதில்லை.

இன்னொன்று என்னை அதைவிட உலுக்கியது. 1941, ஏதென்ஸ் நகரம் ஜெர்மனியர் பிடியில். அந்தக் குளிர்காலத்தில் தெருவில் பட்டினியால் சனம் விழுந்து செத்தது. அதே மாதங்களில் ஏதென்ஸ் பல்கலைக்கழகம், ஹோமர் அறிஞர் இயோவானிஸ் காக்ரிதிஸ் தன் உரையொன்றைப் பழைய அழுத்தக் குறிகள் இல்லாமல் அச்சிட்டார் என்பதற்காக அவர்மீது ஒழுக்காற்று விசாரணை நடத்திச் சில காலம் பதவியிலிருந்து விலக்கியது. அந்தக் குறிகளோ ஹோமருக்கும் சோஃபோக்ளீசுக்கும் தெரியாதவை. பிற்காலத்து அலெக்சாந்திரிய அறிஞர்கள், பிறமொழிக்காரரும் சரியாகப் படிக்கட்டும் என்று இட்டவை. மொழியின்மேல் உள்ள பக்தி மனிதர்மேல் உள்ள இரக்கத்தைத் தின்றுவிட முடியும். எங்கள் மொழிச் சண்டைகளிலும் நான் அதைக் கண்டிருக்கிறேன். காக்ரிதிஸ் பிறகு நீக்கோஸ் கசான்சாக்கிசோடு சேர்ந்து இலியட்டை மக்கள் மொழியில் பெயர்த்து 1955இல் வெளியிட்டார். 1976இல் மக்கள் மொழியே கல்வி மொழி என்று சட்டம் வந்தது. 1982இல் அந்தக் குறிகளும் ஒன்றே ஒன்றாகக் குறைந்தன.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இரண்டு பேரிடம். ஒருவர் தியோனீசியோஸ் சொலொமோஸ். 1798இல் சாக்கிந்தோஸ் தீவில் ஒரு கோமானுக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் பிறந்தவர். இத்தாலியில் படித்து, இத்தாலியத்திலேயே கவிதை எழுதத் தொடங்கியவர். பிறகு தாயின் மொழியைத் தேடிப் போய்க் கற்று, 1823இல் 158 செய்யுளில் விடுதலைப் பாடலை எழுதினார். அதன் முதலிரண்டு செய்யுளும் இன்று கிரேக்கத்தின் நாட்டுப்பண், சைப்பிரசுக்கும் அதுவே. வேலைக்காரியின் மொழி ஒரு நாட்டின் பாட்டாயிற்று. மற்றவர் மக்ரியான்னிஸ், விடுதலைப் போரின் தளபதி. எழுத்தறியாதவர். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும் என்பதற்காக முப்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்று, 1829இல் எழுத உட்கார்ந்தார். அது 1907இல்தான் நூலாயிற்று. கல்லூரி வாசல் மிதிக்காத அந்த மனிதரின் உரைநடையைத் தன் ஆசான் என்று கொண்டாடியவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற யோர்கோஸ் செஃபெரிஸ்.

செஃபெரிஸ் சுமிர்னாவில் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் எரிந்தது. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தோடு சேர்த்து ஏறத்தாழ 12 இலட்சம் கிரேக்கர் சின்னாசியாவை விட்டுப் போனார்கள். அவர் சைப்பிரஸ் மக்களுக்குக் காணிக்கையாக்கிய 1955ஆம் ஆண்டுக் கவிதை நூலுக்கு முதலில் இட்ட தலைப்பு, யூரிப்பிடீசின் 'ஹெலன்' நாடகத்தில் தெவ்க்ரோஸ் பேசும் சொற்கள். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, சைப்பிரசில் பழைய ஊரின் பெயரையே இட்டுப் புது சலாமிஸ் கட்டியவன் அவன். யூரிப்பிடீஸ் தெரியாமல் செஃபெரிசைப் படிக்கலாம், பாதிதான் கேட்கும். செஃபெரிஸ் தெரியாமல் யூரிப்பிடீசைப் படிக்கலாம்; அதைத்தான் பேராதனையில் நான் செய்தேன். ஊரைவிட்டு வந்தவர்கள் இன்னும் அந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியாமலே படித்தேன்.

ஒரு தமிழ்க் கதையும் இதற்குள் இருக்கிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜோர்ஜ் தோம்சன், இளவயதில் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கப்பால் உள்ள பிளாஸ்கட் தீவுக்குப் போய், மீனவரிடம் ஐரிஷ் மொழி கற்றவர். அந்த மக்களின் பேச்சையும் கதைசொல்லலையும் கேட்ட பிறகுதான் ஹோமர் தனக்கு விளங்கியது என்றவர். 1960இல் வெளிவந்த அவருடைய 'கிரேக்க மொழி' என்ற நூல் பண்டையதையும் இன்றையதையும் ஒரே ஆறாகப் பார்த்தது. அவரிடம்தான் எங்கள் க. கைலாசபதி ஆய்வு செய்தார். புறநானூற்றுப் பாணரையும் ஹோமரின் பாடகரையும் அருகருகே வைத்து அவர் எழுதிய 'தமிழ் வீரயுகக் கவிதை' பற்றிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. தோம்சனின் மகள் மார்கரெட் அலெக்சியு, இலியட் காலம் தொட்டு இன்றைய கிராமத்துக் கிழவிகள் வரை கிரேக்கப் பெண்களின் ஒப்பாரியைத் தொடர்ந்து சென்று 1974இல் ஒரு நூல் எழுதினார். யாயா வாய்க்காலை அடைக்காமல் ஓடி வந்த அதே ஆண்டு.

அலெக்சியுவின் நூலைப் படித்த வாரம், இலியட்டின் இருபத்து நான்காம் காண்டத்தை எடுத்துக்கொண்டு யாயாவின் வீட்டுக்குப் போனேன். அவர் அப்போது படுக்கையோடு இருந்தார். ஹெக்தோரின் பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி அவன் மனைவி அந்த்ரோமாக்கே ஒப்பாரி வைக்கும் இடம். எந்த உச்சரிப்பில் படிப்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். பழைய உச்சரிப்பு வேறு என்பதற்கு நல்ல சான்று உண்டு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு நாடகக்காரர் க்ராத்தீனோஸ் செம்மறியின் கத்தலை எழுதியிருக்கிறார். பழையபடி படித்தால் 'பே பே' என்று வரும், இன்றைய கிரேக்கர் படித்தால் 'வீ வீ'. எந்தச் செம்மறியும் அப்படிக் கத்தாது. எராஸ்மஸ் 1528இல் இதைப் பற்றி எழுதிய பிறகு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பழைய ஒலியை மீட்டெடுத்துப் படிக்கின்றன. அது அறிவுக்குச் சரி. ஆனாலும் அன்று நான் யாயாவின் வாய் பழகிய ஒலியிலேயே படித்தேன்.

அவருக்கு அநேகம் விளங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'நேஓஸ்' என்று வந்தது, இளையவன். அந்தச் சொல் இன்றும் அதேதான். தலையசைத்தார். கைம்பெண்ணைக் குறிக்கும் சொல் வந்தபோது கண்ணைத் திறந்து, 'ஹீரா' என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு 'லீபிஸ்'. ஹோமரில் அதற்கு விட்டுச் செல்கிறாய் என்று பொருள். இன்றைய கிரேக்கத்தில், இல்லாமல் இருக்கிறாய். இல்லாத ஒருவரை நினைத்து ஏங்கும்போது 'மு லீபிஸ்' என்பார்கள். எனக்கு நீ இல்லாமல் இருக்கிறாய் என்று. யாயா அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, "நிறுத்து" என்று கையால் காட்டினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர் தன்பாட்டில் தொடங்கினார், பதினைந்து அசைக்கு ஓர் அடியாக, எட்டும் ஏழுமாக உடைந்து நடக்கும் அவர்கள் நாட்டுப்பாட்டின் அடியில். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. என் அம்மாவின் சாவுக்கு ஊருக்குப் போக முடியாமல் இலண்டனில் இருந்தவள் நான். அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டு அழுதேன்.

மருமகன் கேட்டதற்கு இது பதிலா என்று எனக்குத் தெரியும்: முழுப் பதில் அல்ல. அதனால் மற்றதையும் சொல்கிறேன். அந்தப் படிப்பு முடிந்ததும் மருத்துவமனைகளில் சைப்பிரஸ் முதியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை கிடைத்தது. டாக்டர்மார் எதைக் கேட்டாலும், முதலில் நான் 'பு பொனிஸ்?', எங்கே வலிக்கிறது என்று தொடங்குவேன். இருபது வருடம் அந்த வேலையில் வீட்டுக் கடன் கட்டினேன். பேர்த்தியின் தாயைப் படிப்பித்தேன். அதில் எனக்குக் கிடைத்த சம்பளம் ஒரு கணக்காளருக்குக் கிடைப்பதிலும் குறைவுதான். அதை மறைக்க மாட்டேன். பிள்ளை அந்தக் குறைவைத் தெரிந்துகொண்டே போகட்டும். ஆனால் பிழைக்க வழியில்லாத படிப்பு என்று ஒருவரும் அவளிடம் சொல்லக் கூடாது. நான் பிழைத்தவள்.

அவளுக்குச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். வினைவடிவங்களை மனனம் செய், அதற்கு மாற்று வழி கிடையாது. அடியை வாய்விட்டுப் படி. உனக்கு இருக்கும் குறில் நெடில் காது மற்றவர்களுக்கு இல்லை. முதல் வருடத்தில் பண்டையது பெரிதாகவும் இன்றையது சின்னதாகவும் தெரியும். வகுப்பில் சிலர் அப்படியே நடத்தவும் செய்வார்கள். நம்பாதே. ஏதென்சில் ஒரு நாலு வயதுப் பிள்ளை உன்னைத் திருத்தும், திருத்தட்டும். ஒரு கிழவியை மட்டும் நீ திருத்திவிடாதே.

போன சனிக்கிழமை அவளைக் கிரீன் லேன்சுக்கு அனுப்பினேன். சைப்பிரஸ்காரர் கடைகள் முன்போல இல்லை. இன்னும் சில இருக்கின்றன. எங்கள் ஆட்கள் சேப்பங்கிழங்கு வாங்கப் போவதும் அங்கேதான். 'கொலொகாஸி' என்று அவர்களும் விரும்பிச் சமைப்பார்கள். "போய் ஒரு இறாத்தல் பாண் வாங்கிவா, ஆங்கிலம் கதைக்காதை" என்றேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பண்டைக் கிரேக்கம் படித்தவள். பாணுக்கு அவளுக்குத் தெரிந்த சொல் 'ஆர்தோஸ்'. வெதுப்பகப் பெயர்ப்பலகையிலும் அந்தச் சொல்லின் வேரே இருந்ததால் தைரியமாகக் கேட்டிருக்கிறாள். கடைக்காரப் பெண்மணி இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்தப் புனிதரின் திருநாளுக்கு என்று கேட்டாராம். இன்று 'ஆர்தோஸ்' என்றால் கோயிலில் படைத்து ஆசீர்வதிக்கும் பாண். வீட்டுக்கு வாங்குவது 'ப்ஸோமி'. ஒரு வாய் அளவு, ஒரு துண்டு என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது.

எள்ளுத் தூவிய பாணோடு மூச்சிரைக்க வந்து நின்றாள். "அம்மம்மா, அவ என்னைப் பிழை எண்டு சொல்லேல்லை. சிரிச்சுப்போட்டு மூண்டு தரம் சொல்லித் தந்தவ. ஆர்தோஸ் ஹோமரிலை இருக்கோ?"

ஒடிசியில் இருக்கிறது என்றேன். எந்தக் காண்டம் என்று அவளே தேடட்டும் என்று, அகராதியை எடுத்துவரச் சொன்னேன். பாண் இன்னும் சூடாக இருந்தது.